சிமுலேட்டரின் வால் முறிவதில்லை

அனுபவமுள்ள விமானி ஒருவர் லெவல் டி சிமுலேட்டரிலேயே டைப் ரேட்டிங்கை முடித்துவிட்டு, அந்த வகை விமானத்தை முதன்முதலாகப் பயணிகளோடு, மேற்பார்வையில் ஓட்டப் பல நாடுகளில் அனுமதி உண்டு. சிமுலேட்டர்மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு. பெரும்பாலும் அது வீண்போவதில்லை.

ஆறு கால்களில் நிற்கும் அந்த மேடை அசைவின் தொடக்கத்தை மட்டும் தந்துவிட்டு, நாம் உணராதபடி மெல்ல நடுநிலைக்குத் திரும்பிவிடும். டேக்ஆஃபில் முதுகு அழுந்துவதுகூட மேடை பின்னால் சாய்வதால்தான். நம் எடையையே முடுக்கம் என்று உடல் நம்பிவிடுகிறது. ஓடுபாதையில் ஒரு இன்ஜின் நிற்பதைப் பழக இந்த ஏமாற்று வித்தை போதும். உள்ளே பதிந்திருக்கும் தரவு தீர்ந்துபோகும் இடத்தில்தான் சிக்கல். காட்சி அங்கேயும் தெளிவாகவே இருக்கும். எல்லை தாண்டியதைத் திரை காட்டிக்கொடுக்காது.

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587-ஐ நம் பயிற்றுநர்கள் அனைவரும் படித்திருக்க வேண்டும். முன்னே சென்ற 747-இன் சுழல்காற்றில் சிக்கிய ஏ300-இன் துணை விமானி ரட்டர் பெடலை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்தார். செங்குத்து வால் முறிந்தது. தரையில் இருந்த ஐவரையும் சேர்த்து 265 பேர் இறந்தனர். தேவையற்ற, அளவு மீறிய ரட்டர் பயன்பாடே காரணம் என்ற அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ரட்டர் அமைப்பின் வடிவமைப்போடு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயிற்சித் திட்டத்தையும் துணைக்காரணமாகச் சேர்த்தது. அத்திட்டத்தின் சிமுலேட்டர் பாடத்தில், சுழல்காற்றில் விமானம் பெருமளவு சரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாடுகளின் பலனைச் சிறிது நேரம் மென்பொருளே தடுத்து வைத்திருந்தது. கருவி பழுதாகவில்லை, சொன்னதைத்தான் செய்தது. சுழல்காற்றை உள்ளதைவிடப் பயங்கரமாகவும், ரட்டரை உள்ளதைவிடச் சாதுவாகவும் அது காட்டியது. பக்கவாட்டுச் சுமையில் சிமுலேட்டரின் வால் முறிவதுமில்லை.

ஸ்டாலிலும் இதே கதை. எச்சரிக்கை ஒலித்ததும் மீள்வதோடு பாடம் முடிந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் தரவும் மெலிந்திருந்தது. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 அந்த அப்பாலுக்குள்தான் விழுந்தது. முழு ஸ்டால் பயிற்சி அமெரிக்காவில் கட்டாயமானது 2019 மார்ச்சில். அதே ஆண்டில்தான், 737 மேக்ஸ் சிமுலேட்டரில் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றுவது நிஜத்தைவிட எளிதாக இருந்ததும் வெளிவந்தது. நம் நாட்டில் 2022 ஏப்ரலில், ஸ்டிக் ஷேக்கர் வேலை செய்யாத சிமுலேட்டரில் பயின்ற 90 மேக்ஸ் விமானிகளை டிஜிசிஏ மறுபயிற்சிக்கு அனுப்பியது. இது பராமரிப்புக் குறை, கவனித்தால் பிடிபடும். தரவின் குறை அப்படிப் பிடிபடாது.

புதிய விதிகளின்படி தரம் உயர்த்திய சிமுலேட்டர்களில், விமானம் சரிபார்க்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பயிற்றுநர் திரையில் பார்க்கலாம். அந்தப் பக்கத்தைத் திறக்காமலே அப்செட் பாடம் நடத்துவோர் உண்டு. எல்லை மீறினால் சிமுலேட்டரை நிறுத்துங்கள். இதுவரை கண்டதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அப்போதே சொல்லுங்கள். டீபிரீஃபிங் வரை காத்திருந்தால் காலும் கையும் அதற்குள் பழகிவிட்டிருக்கும்.