கழுத்து இறகு கொண்டுவந்த வினை

வால்பாறை, கூடலூர்ப் பக்கம் விடியலில் பேருந்தில் போகிறவர்கள், தேயிலைத் தோட்ட ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் ஒன்று உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடி மறைவதைப் பார்த்திருப்பார்கள். யார் வீட்டுக் கோழியோ என்று நினைத்துவிட வேண்டாம். அது சாம்பல் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தைவிட்டால் அதற்கு வேறு காடு கிடையாது.

சேவலின் அழகெல்லாம் கழுத்தில்தான். ஒவ்வொரு இறகின் தண்டும் நுனியில் தட்டையாக விரிந்து, மெழுகு சொட்டி உறைந்ததுபோல வெள்ளையும் மஞ்சளுமாக மினுங்கும். அந்தப் பொட்டே அதற்கு எமனானது. சால்மன் மீனுக்கான தூண்டில் முள்ளில் பூச்சிபோலக் கட்டுவதற்கு ஐரோப்பியர்கள் இந்த இறகைத் தேடினார்கள். பறவையைக் கொன்று, கழுத்துத் தோலை இறகோடு உரித்துக் கப்பலேற்றினார்கள். இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதி செய்ய 1902-ல் தடை வந்தது. மீன்பிடி பொழுதுபோக்குக்காக ஒரு காட்டுயிரைக் கொன்று குவித்ததை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

பெட்டைக்கு அந்தப் பகட்டு இல்லை. மேலே பழுப்பு, மார்பில் கறுப்பு ஓரமிட்ட வெள்ளை இறகுகள். அசையாமல் உட்கார்ந்தால் சருகோடு சருகாகிவிடும். அந்த நிறம்தான் அதன் காவல். புதரடியில் மண்ணைச் சற்றே பறித்து, இலைகளைப் பரப்பி, பெரும்பாலும் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். மூன்று வாரம் தனியாகவே அடைகாக்கும். இனப்பெருக்கம் மிகுவது பிப்ரவரி முதல் மே வரை. காடு காய்ந்து, தீப் பரவும் காலமும் அதுவே. தரையில் கிடக்கும் முட்டைக்குத் தீயிலிருந்தும் கீரியிலிருந்தும் தப்ப வழியேது?

மூங்கில் பூத்து அரிசி உதிரும் வருடங்களில் இவை கூட்டமாகவே கூடும். மற்றபடி தனியாகவோ சிறு குழுவாகவோதான் திரியும்.

நம் கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் அவற்றின் மஞ்சள் காலுக்கும் தோலுக்கும் காரணமான மரபணு இந்தச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் முற்றத்தில் மேயும் கோழிக்கு இது நெருங்கிய சொந்தம்.

மலையோர ஊர்களில் யாராவது காட்டுக்கோழிக் கறி இருக்கிறது என்று காதோடு சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். வாங்க ஆள் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறார்கள். காட்டோரம் குடியிருப்பவர்கள், தரையில் முட்டை கிடக்கும் காலமாதலால், கோடை முடியும்வரை நாயையாவது கட்டிவையுங்கள்.