இல்லந் துலக்குதல்

மார்கழித் திங்கள் கழியுந் தறுவாயில், சேலத்தினின்று தருமபுரிக்குச் செல்வோர் இடைவழியில் நல்லம்பள்ளியில் இறங்கி, நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் சிறிது தொலைவு நடப்பாராயின், வீடுகள் யாவும் தம் வயிற்றிலுள்ளவற்றை வாயிலில் எடுத்து வைத்திருக்கக் காண்பர். அடுக்குப் பானைகள், தகரப் பெட்டிகள், கால் ஒடிந்த கட்டில், குழந்தை வளர்ந்துவிட்டமையாற் பயனற்ற தொட்டிற் கம்பு, பல்லாண்டாக எவரும் அவிழாத மூட்டைகள் ஆகிய யாவும் வெயிலிற் கிடக்கும். பெண்டிர் தலையிற் துணி கட்டிக்கொண்டு ஒட்டடை அடிப்பர். சிறுவர் சுண்ணாம்பு வாளியைச் சுற்றி நின்று உதவுவதாக எண்ணி இடையூறு செய்வர். பொங்கற்கு முன்னர் இல்லந் துலக்கும் இவ்வழக்கத்தைக் குறித்து யான் கொண்ட கருத்தொன்றை நண்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

இவ்வழக்கம் வெறுஞ் சடங்கன்று. ஐப்பசி, கார்த்திகை மழையால் மண்சுவர் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பூத்திருக்கும். கேழ்வரகும் சாமையும் துவரையும் அவரையும் வீட்டுக்குள் வருங் காலம் அது. புதுத் தவசத்தைக் கொட்டுமுன் பழைய தவசத்தின் அந்துப் பூச்சியும் வண்டும் எலிப் புழுக்கையும் நீங்குதல் வேண்டும். ஆதலின், மூங்கிலாற் பின்னிய தொம்பையை வெளியே உருட்டி வெயிலிற் காய வைத்து, சாணங் கொண்டு மெழுகுவர். சுவர்க்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அழகு கருதி மட்டுமன்று. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தையும் நுண்கிருமிகளையும் அழிக்க வல்லது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்போல் இறுகிச் சுவரைக் காக்கின்றது. இரசாயன நூலிற் படித்த பின்னரே யான் அறிந்த இதனை, எழுத்தறியா எம் பாட்டியார் தம் கையனுபவத்தால் அறிந்திருந்தனர். எனினும், சுண்ணாம்பிற் சிறிது நீலம் கலப்பது எதற்கென்று கேட்டால், "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பதற்கு மேல் அவர் விடை சொன்னதில்லை.

துலக்கல் முடிந்தபின் நிகழ்வது தீ மூட்டலன்று. காப்புக் கட்டுதல் ஆகும். சேலம், தருமபுரி, ஈரோட்டுப் பகுதிகளில் போகி நாளைக் காப்புக்கட்டு நாள் என்றே பலருங் கூறுவர். சிறுபூளைப் பூவும் வேப்பிலையும் ஆவிரம் பூவும் சேர்த்துக் கட்டிய சிறு கொத்தினை இறவாணத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் கிணற்றடியிலும் வயலிலுஞ் செருகுவர். அன்றைய நாளின் பொருள் 'காத்தல்' என்பதை அப்பெயரே காட்டுகின்றது. இதனை நாம் பெரிதும் மறந்துவிட்டோம்.

மறக்கச் செய்தது போகித் தீ. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் பழங் கூடையும் கொளுத்தி விடியலிற் குளிர் காய்ந்த வழக்கம் பழமையானதே. அவை யாவும் புல்லும் ஓலையும் நாருமாதலின், எரிந்து சாம்பலாகி எருக்குழி புகுந்தன. இக்காலத்தில் நாம் கழிப்பவையோ வேறு. நெகிழிப் பாயும், மின்கம்பியின் மேலுறையும், வண்டிச் சக்கரத்தின் இரப்பர் வளையமும், செயற்கை நூற் சேலையும் அத்தீயில் வீழ்கின்றன. அவற்றுட் சில எரியுங்கால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றுகின்றது. 2018-ஆம் ஆண்டின் போகியன்று சென்னையில் பனியும் புகையும் ஒன்று கலந்து வானூர்திகள் இறங்கவும் ஏறவும் இயலாது காலந்தாழ்ந்தமை பலர்க்கும் நினைவிருக்கும். குப்பையைத் திறந்த வெளியில் எரித்தலை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. ஆயினும் விதி எழுதிய தாளும் போகியன்று தீயில் விழத் தக்கதே என்று எண்ணுவார் போல நம்மவர் நடக்கின்றனர். நகரத்தைக் கண்டு, முன்னர்த் தீயைப் பெரிதாகக் கருதாத எம் பக்கத்துச் சிற்றூர்ச் சிறுவரும் இன்று பழைய டயரைத் தேடித் திரிகின்றனர்.

இதற்குச் சான்றாக நன்னூலை இழுப்பாரும் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தம் இலக்கணத்தின் இறுதியில், காலத்திற்கேற்பப் பழைய வழக்குகள் நீங்கிப் புதியன தோன்றுதல் குற்றமன்று என்று கூறியது மொழியைப் பற்றி. அதனைப் போகிக் குப்பைக்கு விதியாக்குதல் அவர்க்குச் செய்யும் அநீதி. மேலும், மொழியிற் சொற்கள் மெல்லத் தாமே நீங்குகின்றன. எவரும் ஒருநாள் விடியலில் அகராதியைத் தெருவிற் போட்டுக் கொளுத்துவதில்லை.

புகையினுங் கொடியது ஒன்று உண்டு. அஃது ஆராயாமல் எரித்தல். எங்கள் இல்லத்து நிகழ்ச்சியையே கூறுகின்றேன். எம் பாட்டனாரும் அவர் தமையனாரும் பாகம் பிரிந்தபோது, நிலத்தைப் பகுத்தனர். கிணறு ஒன்றே ஆதலின் அதனைப் பகுக்க இயலாது, எந்நாளில் எவர் நீர் இறைப்பது என்னும் முறையை ஒரு கூர்ச்சீட்டில் எழுதிக் கைந்நாட்டு இட்டனர். பதிவு செய்த பத்திரமாயின் பதிவு அலுவலகத்தில் நகல் பெறலாம், கூர்ச்சீட்டிற்கு அவ்வழியில்லை. மஞ்சள் துணியில் முடிந்த அக்காகிதம் பரண்மேல் பழங் கணக்கேடுகளோடு கிடந்தது. யான் ஏழாம் வகுப்பிற் படித்த ஆண்டில், போகிக்கு முந்திய நாள், பரணிலிருந்து இறக்கிய மூட்டைகளுள் எலி கடித்தவற்றையெல்லாம் எரித்துவிடுமாறு வீட்டிலிருந்த ஆடவர் ஒருவர் கூறினார். அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை. தீயிலிட்டவன் யானே. நன்கு எரிகின்றதென்று மகிழ்ந்தேன். மூன்றாண்டு கழித்து மழை பொய்த்துக் கிணற்று நீர் குறைந்தபோது, வெள்ளிக்கிழமை முறை எவருடையது என்னும் வினா எழுந்தது. அன்று தொடங்கி இரு குடும்பத்தாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை.

எம் இழப்பு ஒரு குடும்பத்தோடு நின்றது. தமிழ் நாடே இழந்ததற்கும் சான்று உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களின் ஏடு தேடித் தென்பாண்டி நாட்டில் அலைந்த காலத்தில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் மிகுதியாக உள்ளன என்று கேள்வியுற்றுச் சென்றார். ஆங்கிருந்தோர், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடுதல் முறை என்று கருதி அவ்வாறே செய்துவிட்டனர் என்று அறிந்து மனம் நைந்தார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்த தம் சரித்திரத்தில் இதனை அவர் எழுதியுள்ளார். அவ்வேடுகளை எரித்தவர் பகைவரல்லர், பக்தியுடையவர், இடத்தைத் தூய்மை செய்ததாகவே எண்ணியிருப்பர். அத்தீயிற் போனவற்றின் பெயர்களையேனும் நாம் அறியோம். 1887-இல் சீவக சிந்தாமணியும் 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக அச்சேறியமை, எவரோ சிலர் தம் வீட்டுப் பரணைத் துலக்குங்கால் கைதவறி எரியாமல் விட்டமையாலன்றோ?

இக்கல்லூரியில் நாம் அடிக்கடி கேட்கும் உவமை ஒன்று இவ்விடத்திற்கு நன்கு பொருந்தும். லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில், பத்து வெள்ளிக்காசுகளுள் ஒன்றைத் தொலைத்த பெண்ணொருத்தி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகின்றாள். பிரசங்கிகள் காசைப் பற்றியே விரித்துரைப்பர். யான் துடைப்பத்தைப் பற்றி நினைப்பதுண்டு. அவள் எறிவதற்காகப் பெருக்கவில்லை, கண்டெடுப்பதற்காகப் பெருக்குகின்றாள். துடைப்பத்திற்கு முன் அவள் கையில் எடுப்பது விளக்கு.

இவ்வாறு கூறுவதால், எதனையும் கழித்தலாகாது என்பது என் கொள்கையென்று கருதற்க. உடைந்த குடையும் மூடியில்லாப் புட்டிகளும் நிறைந்த பரண், தேளுக்கும் எலிக்கும் சத்திரமாகும். நம் மாணவர் விடுதியின் சில அறைகளைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கழிக்க வேண்டியதைக் கழிக்கவே வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் போக்கிடம் உண்டு. இரும்பும் தாளும் நெகிழியும் பழம்பொருள் வாங்க வருவோரிடஞ் சேரலாம். அவர் குரல் எம் தெருவில் வாரந்தோறும் கேட்கின்றது. உடுக்கத் தக்க துணியை உடுப்பார்க்குக் கொடுக்கலாம். மக்குவது எருக்குழிக்கு உரியது. இவ்வாறு பிரித்தபின் தீக்கு எஞ்சுவது ஒரு கைப்பிடியும் இராது.

பிரிப்பவர் யார் என்பதே கடினமான வினா. ஒட்டடை அடித்தலும் மெழுகுதலும் பாத்திரந் துலக்கலும் பெண்டிர்க்கு விடப்பட்டிருக்கின்றன. எதை வைப்பது, எதை எரிப்பது என்னுந் தீர்ப்பு மட்டும் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆடவர்க்கு உரியதாயிற்று. எப்பானையில் என்ன உள்ளது, எம்மூட்டை எவரால் எக்காலத்திற் கட்டப்பட்டது என்பவற்றை அறிந்தவர் எம் பாட்டியார். அன்று அவரை எவரேனும் ஒரு சொல் கேட்டிருப்பின் மஞ்சள் துணி முடிச்சு தப்பியிருக்கும். படித்த ஆடவர், விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் போன்றோர், அந்நாளில் துடைப்பமும் பிடிக்க வேண்டும். மூட்டையை அவிழ்த்து, வீட்டுப் பெரியவளைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு தாளையும் உரக்கப் படிக்கவும் வேண்டும். ஒரு பகல் செல்லும், செல்லட்டும்.

சென்ற ஆண்டு யான் அவ்வாறு செய்தேன். பாட்டியாரின் தகரப் பெட்டியில் இரண்டு நிலவரி இரசீதுகளும், எம் தந்தையார் பள்ளியில் பெற்ற நற்சான்றிதழும், ஒரு சிறு பொதியில் அவரைவிதையும் கிடைத்தன. விதை முளைத்தது. கூர்ச்சீட்டு கிடைக்கவில்லை, எரிந்தது எவ்வாறு கிடைக்கும்? ஆயின், அக்காலத்தில் பங்காளிகள் ஆளுக்கொரு படி எழுதி வைத்துக்கொள்வது உண்டென்று பாட்டியார் நினைவு கூர்ந்தார். பெரிய பாட்டனார் வீட்டுப் பரண்மேலும் ஒரு மரப்பெட்டி இருக்கின்றது. இவ்வாண்டு காப்புக்கட்டிற்கு முன் அதனை இறக்கப் போவதாகவும், படித்துச் சொல்ல யான் வரவேண்டும் என்றும் அவ்வீட்டு அண்ணன் சொல்லியனுப்பியிருக்கின்றார்.