பட்டினி போட்ட விண்டோஸில் படம் வரையலாமா?

விண்டோஸை இளைக்க வைக்கிறேன் பேர்வழின்னு கிளம்பி, கடைசியில் போட்டோஷாப்பைக் கொன்னுட்டு வந்து நிக்கிறவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுன்னு பேர் வாங்கின பாவத்துக்கு அந்தப் பஞ்சாயத்தெல்லாம் என்கிட்டதான் வருது. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

இளைக்க வைக்க நினைக்கிறவங்களை நான் குறை சொல்லலை. காசு கொடுத்து வாங்கின விண்டோஸ் 10-ல ஸ்டார்ட் மெனுவைத் திறந்ததும் கேண்டி க்ரஷ் பல்லைக் காட்டினா யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2025 அக்டோபர் 14-ஓட அந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 சிப் இருந்தாத்தான் உள்ளே வருவேன்னு சொல்லுது. பழைய மெஷினை வச்சு பொழப்பு நடத்துறவர் என்ன செய்வார்? யாரோ செதுக்கி வச்ச 'ஸ்லிம்' விண்டோஸைத் தேடிப் போவார். இது புதுசும் இல்லை. எக்ஸ்பி காலத்துலேயே என்லைட்டை வச்சு விண்டோஸ் சிடியைக் கூறு போட்ட பரம்பரைதானே நாம :-)

ஆனா என் கட்சி இதுதான்: இந்த வைத்தியத்துல லாபம் உடனே கண்ணுக்குத் தெரியும், நஷ்டம் தெரியாது. டாஸ்க் மேனேஜர்ல ராம் அளவு இறங்கினதை அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுப் பெருமைப்படலாம். எது உடைஞ்சதுங்கிறது ஒரு மாசம் கழிச்சு, வேலை தலைக்கு மேல இருக்கிற ஒரு ராத்திரியிலதான் தெரியவரும்.

அது ஏன் கிராபிக்ஸ் மென்பொருள் மட்டும் முதல்ல சாகுது? பிரவுசர் தனக்கு வேணுங்கிறதுல பெரும்பகுதியைத் தானே மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுது. கிராபிக்ஸ் மென்பொருள் அப்படி இல்லை. டிரைவர், எழுத்துரு, கலர், பேனா, பிரிண்டர், மெமரின்னு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட எல்லாத் தூணுலயும் சாஞ்சு நிக்குது. எந்தத் தூணை உருவினாலும் ஆட்டம் காணும்.

இந்தப் பழுதுல ரெண்டு ஜாதி இருக்கு.

கத்துற பழுது

இது நல்ல ஜாதி. என்ன ஆச்சுன்னு அதுவே சொல்லிடும்.

1. பிளெண்டர் திறக்க மாட்டேங்குது, கிராபிக்ஸ் கார்டு போதாதுங்குது. டிவைஸ் மேனேஜரைப் பாருங்க. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா உண்மையான டிரைவர் ஏறவே இல்லைன்னு அர்த்தம். விண்டோஸ் அப்டேட்டை வேரோட பிடுங்கினா டிரைவர் தானா வந்து சேர்ற வழியும் சேர்ந்து அடைபட்டுடும். அந்த பேசிக் அடாப்டர்ல கிடைக்கிறது ஓபன்ஜிஎல் 1.1 மட்டும்தான். பிளெண்டர் 4.0 (2023) கேக்கிறது 4.3. சிப் தயாரிச்ச கம்பெனியோட தளத்துல இருந்து டிரைவரை இறக்கிப் போட்டா தீர்ந்தது.

2. எம்எஸ்விசிபி140 டிஎல்எல்லைக் காணோம்னு ஒரு பெட்டி வருது. ப்ரோகிராம் பட்டியல்ல 'விஷுவல் சி++' 2008, 2010, 2013-ன்னு வரிசையா நிக்கிறதைப் பார்த்து, ஒண்ணு போதாதான்னு மத்ததை அழிச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி ஆள், ஒண்ணு இடத்துல இன்னொண்ணு வேலை செய்யாது. 2015-க்கு அப்புறம் வந்ததுதான் ஒரே குடும்பம். 32 பிட், 64 பிட் ரெண்டையும் திரும்பப் போடுங்க.

3. வீடியோ எடிட்டர் மீடியா ஃபைல்களை எடுக்க மாட்டேங்குது. இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. 2004-ல ஐரோப்பிய ஆணையம் போட்ட உத்தரவால பிறந்ததுதான் மீடியா ப்ளேயர் இல்லாத விண்டோஸ் 'என்' பதிப்பு. சட்டமே போட்டு இளைக்க வச்ச விண்டோஸ்! அதுலயும் இதே கதைதான், மீடியா ஃபீச்சர் பேக் போட்டாத்தான் சரியாகும்.

4. பிரிண்டர் ஒண்ணுகூட இல்லைங்குது. பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தியிருப்பாங்க. 2021-ல 'பிரிண்ட் நைட்மேர்' ஓட்டை வெளிவந்தப்போ, பிரிண்ட் எடுக்காத சர்வர்கள்ல ஸ்பூலரை நிறுத்தச் சொன்னது நியாயமான யோசனை. அது அப்படியே எல்லாரோட பட்டியல்லயும் ஏறி உக்காந்துடுச்சு. ஸ்பூலர் போனா பிடிஎஃப் பிரிண்டரும் போச்சு. பக்க அளவுக்கே பிரிண்டரைப் பார்த்துக் கேக்கிற பழைய டிடிபி மென்பொருள்கள் அநாதையாயிடும்.

கத்தாத பழுது

எனக்கு பயமே இந்த ஜாதிகிட்டதான். எல்லாம் சரியா ஓடுற மாதிரியே இருக்கும்.

பேனா டேப்லட்டை எடுத்துக்குங்க. டச் கீபோர்டு எனக்கு எதுக்குன்னு அந்த சர்வீஸை முடக்குவாங்க. பேனா, இங்க் சமாச்சாரமும் அதே சர்வீஸ்லதான் இருக்கு. அம்புக்குறி நகரும், கோடு விழும், ஆனா அழுத்தத்துக்கு ஏத்தபடி தடிமன் மாறாது. பேனா பழுதுன்னு நினைச்சுப் புதுசு வாங்கினவங்க உண்டு. கிரிட்டாவுல செட்டிங்ஸ் போய் விண்டோஸ் இங்க்கிலிருந்து விண்டேப்புக்கு மாத்திப் பாருங்க. அழுத்தம் திரும்ப வந்தா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுடும்.

அடுத்து பேஜ்ஃபைல். 16 ஜிபி ராம் இருக்கு, இது எதுக்குன்னு அணைப்பாங்க. விண்டோஸ் ஒரு ப்ரோகிராமுக்கு மெமரி தர்றேன்னு வாக்குக் கொடுத்தா, ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த கணக்குலதான் கொடுக்கும். பேஜ்ஃபைல் இல்லைன்னா ராம் காலியா இருக்கும்போதே வாக்குக் கணக்கு தீர்ந்துடும். பெரிய படத்தை சேமிக்கிற நேரத்துல மென்பொருள் பொட்டுன்னு போயிடும். எப்பவாவதுதான் நடக்கும், அதனால யாரும் இதைச் சந்தேகப்பட மாட்டாங்க.

எல்லாத்தையும் விட மோசம் கலர். கல்யாண ஆல்பம் பண்ற நண்பர் ஒருத்தருக்கு நடந்தது. மானிட்டரை கேலிபரேட் பண்ணி வச்சிருந்தார். அந்தக் கணக்கை மானிட்டருக்குக் கொண்டு சேர்க்கிறது விண்டோஸ் துவங்கும்போது ஓடுற ஒரு சின்ன டாஸ்க். இளைப்பு வைத்தியத்துல அது காலி. எந்தப் பிழைச் செய்தியும் வரலை. திரை நீலம் பூத்திருந்ததால முகங்களுக்கெல்லாம் சிவப்பு ஏத்தியிருக்கார். ஆல்பம் அச்சாகி வந்தப்போ பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் வெயில்ல வெந்த மாதிரி இருந்தாங்க. முழு ஆல்பத்தையும் கைக்காசு போட்டு மறுபடி அடிச்சுக் கொடுத்தார். அவர் மிச்சம் பிடிச்சது அரை ஜிபி ராம்.

நம்ம தமிழுக்கும் இதுல பங்கு உண்டு. எக்ஸ்பி-ல 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' ஆதரவைத் தனியா போடலைன்னா கொம்பு இடம் மாறி நின்னது பழைய பதிவர்களுக்கு மறக்காது. இப்போ விண்டோஸ் 10, 11-ல லதா, விஜயா எழுத்துருக்கள் தனி ஃபீச்சரா ஒதுங்கிப்போச்சு. நிர்மலா யுஐ மட்டும்தான் கூடவே வரும். லதாவுல வடிவமைச்ச பழைய அழைப்பிதழைத் திறந்தா வேற எழுத்துரு வந்து உக்காந்து வரியெல்லாம் மடங்கியிருக்கும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தா போதும்.

சரி, உடைஞ்சது உடைஞ்சுபோச்சு, எப்படிக் கண்டுபிடிக்கிறது? தயவுசெஞ்சு மென்பொருளை அழிச்சு அழிச்சுப் போடாதீங்க. அது குற்றவாளி இல்லை, சாட்சி. ஈவன்ட் வியூவர்ல அப்ளிகேஷன் பகுதியைத் திறந்தா எந்த மாட்யூல்ல விழுந்ததுன்னு பேரோட இருக்கும். அப்புறம் டிஐஎஸ்எம், அதுக்கு அடுத்து சிஸ்டம் ஃபைல் செக்கர், ரெண்டையும் ஓட்டுங்க. அதுலயும் சரியாகலைன்னா ஃபைல்களை வச்சுக்கிட்டே விண்டோஸை மேல போடலாம். ஆனா டைனி11 கோர் மாதிரி சிலது, பழுது பார்க்க உதவுற வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கையே தூக்கிடுது. அதைச் செஞ்சவங்களே சோதனைக்கு மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க. அங்கே வைத்தியத்துக்கு மருந்தே மிச்சமில்லை.

துவக்கத்துல தானா ஓடுற வெளி ப்ரோகிராம்கள், விளையாட்டுகள், பயன்படுத்தாத ட்ரையல்கள் இதையெல்லாம் தாராளமா அடிச்சுத் தள்ளுங்க. சர்வீஸ்ல கை வச்சா ஒரு நாளைக்கு ஒண்ணு, அதையும் நோட்டுல தேதியோட எழுதி வச்சுட்டு. சும்மா கிடக்கிற சர்வீஸ் சாப்பிடுறது பெரும்பாலும் சில எம்பிதான். ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டா கிடைக்கிற வேகம் எந்தப் பட்டினியிலயும் கிடைக்காது.

கேம் ஆடுற பையன் அவன் மெஷினுக்குப் போட்ட பட்டியல், ஆல்பம் பண்றவர் மெஷினுக்குச் சரியா வரணும்னு எந்த விதியும் இல்லை. எனக்கு இது என்னன்னு தெரியலைங்கிறதும், எனக்கு இது வேண்டாங்கிறதும் ஒண்ணு இல்லைங்க.