பிராய்லர் கோழிக்குப் பார்லி கொடுக்கலாமா?

“மக்காச்சோளம் விலை கூடிவிட்டது. பிராய்லர் கோழித் தீவனத்தில் அதற்குப் பதிலாகப் பார்லி சேர்க்கலாமா? என்சைம் கலந்தால் போதுமா?”

- வாசகர், பல்லடம்.

ஓரளவு சேர்க்கலாம். மக்காச்சோளத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பார்லிக்கு மாறினால் நஷ்டம்தான்.

பார்லியில் புரதம் சற்று அதிகம், எரிசக்தி குறைவு. மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோ கலோரி இருந்தால், பார்லியில் சுமார் 2,700தான். அதனால், கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கக் கூடாது. பார்லியில் உள்ள ‘பீட்டா குளுக்கான்’ என்ற நார்ச்சத்து குடலில் கஞ்சிபோலக் கெட்டியாகி, சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும். எச்சம் பிசுபிசுக்கும். ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா நெடி அடிக்கும். கால்களில் புண் வரும்.

இதற்கு ‘பீட்டா குளுக்கனேஸ்’ என்சைம் தேவை. ‘பைட்டேஸ்’ மட்டும் உள்ள பாக்கெட் இதற்கு உதவாது. அது பாஸ்பரஸ் சத்துக்கானது. லேபிளைப் படித்து வாங்க வேண்டும். அதில் உள்ள அளவை முதலில் சில கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்திலும் சீராகக் கலக்க வேண்டும்.

முதல் 3 வாரங்களுக்குப் பார்லி வேண்டாம். அதன் பிறகு 10 சதவிகிதத்தில் தொடங்கலாம். 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. எரிசக்திக் குறைவை எண்ணெய் சேர்த்து ஈடுகட்டலாம். முதலில் 50 கோழிகளைத் தனியாகப் பிரித்துக் கொடுத்து, வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். எடை குறைந்தாலோ, எச்சம் பிசுபிசுத்தாலோ பார்லியைக் குறைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.