மலை ஏறிய படகு... மறந்துபோன அணை!

1834-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாலிடேஸ்பர்க் என்கிற ஊர். அங்கே கால்வாய்த் துறையில் ஒரு படகு வந்து நின்றது. ஜெஸ்ஸி கிறிஸ்மன் என்பவர் மனைவி, பிள்ளைகள், கட்டில், தட்டுமுட்டுச் சாமான்கள், வளர்த்த புறாக்கள் என்று வீட்டையே அதில் ஏற்றிக்கொண்டு, மேற்கே இல்லினாய் பக்கம் குடியேறக் கிளம்பியிருந்தார்.

ஹாலிடேஸ்பர்க்கோடு கால்வாய் முடிந்துவிட்டது. எதிரே அலகேனி மலைத்தொடர். படகை அங்கேயே விற்றுவிட்டு மலையைக் கடப்பதுதான் அவருடைய திட்டம். ஆனால், அங்கிருந்தவர்கள் வேறு யோசனை சொன்னார்கள். படகுக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டியைத் தயார் செய்து, அதன்மேல் படகை ஏற்றி, தண்டவாளத்தில் இழுத்தே மலைக்குக் கொண்டுபோனார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே நடந்தது. இரவு மலை உச்சியில் தங்கிய படகு, மறுநாள் அந்தப் பக்கம் இறங்கி ஜான்ஸ்டவுனில் மறுபடியும் தண்ணீரைத் தொட்டது.

அந்தப் படகின் பெயர் ‘ஹிட் ஆர் மிஸ்’. முடியைக் கட்டி மலையை இழுப்பதைப் பற்றி நம்மூரில் ஒரு பழமொழி உண்டே... ‘வந்தால் மலை, போனால் முடி’. கிட்டத்தட்ட அந்த அர்த்தம்தான்!

இந்தப் படகு ஏறி இறங்கிய வழியைத் தேடித்தான் ரயில் ரசிகர்கள் இன்றும் பென்சில்வேனியாவுக்குப் போகிறார்கள். அல்டூனாவிலிருந்து ஜான்ஸ்டவுன் வரை, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேர தூரத்துக்குள் கால்வாயும், ரயிலும், மலையும், அணையும் சேர்ந்து எழுதிய ஒரு பெரிய கதை கிடக்கிறது.

நியூயார்க்கைப் பார்த்து வந்த கவலை

1825-ல் நியூயார்க் மாநிலம் ஈரி கால்வாயைத் திறந்தது. மேற்குப் பகுதியின் தானியமும் மரமும் படகுகளில் நியூயார்க் துறைமுகத்துக்குக் குவிய ஆரம்பித்தன. பிலடெல்பியா வியாபாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. நாமும் ஒரு கால்வாய் வெட்டியே தீரவேண்டும் என்று பென்சில்வேனியா அரசு 1826-ல் வேலையைத் தொடங்கியது.

நியூயார்க்குக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே மலைத்தொடரின் நடுவே தாழ்வான ஒரு பள்ளத்தாக்கு வழிவிட்டது. பென்சில்வேனியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிலடெல்பியாவுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் நடுவே அலகேனி மலை மறித்துக்கொண்டு நின்றது. மலைமேல் கால்வாய் வெட்ட முடியாது. வெட்டினாலும் தண்ணீருக்கு எங்கே போவது?

அதனால் ஒரு கதம்ப வழி உருவானது. பிலடெல்பியாவிலிருந்து கொஞ்ச தூரம் ரயில், பிறகு கால்வாய், மலையைத் தாண்ட மறுபடியும் ரயில், பிறகு பிட்ஸ்பர்க் வரை கால்வாய். மொத்தம் சுமார் 395 மைல். இதில் மலையைத் தாண்டும் 36 மைல் துண்டுக்குத்தான் ‘அலகேனி போர்ட்டேஜ் ரயில்பாதை’ என்று பெயர். 1834 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. அதுவரை மூன்று வாரத்துக்கு மேல் பிடித்த பயணம், நான்கைந்து நாளாகச் சுருங்கியது.

பத்துச் சரிவும் ஒரு வடமும்

அந்தக் காலத்து ரயில் இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றத்தில் ஏறும் சக்தி கிடையாது. எனவே மலையைப் படிக்கட்டு மாதிரி பிரித்தார்கள். ஏறுவதற்கு ஐந்து சரிவுகள், இறங்குவதற்கு ஐந்து. ஒவ்வொரு சரிவின் தலையிலும் ஒரு கொட்டகை. அதற்குள் நகராத நீராவி இன்ஜின். அது வடத்தைச் சுழற்ற, வண்டிகள் மேலே வரும். ஒருபக்கம் வண்டி ஏறும்போது மறுபக்கம் இன்னொன்று இறங்கும். கிணற்றில் இரட்டை வாளி கட்டி இறைப்பதுபோல, இறங்குவதன் கனம் ஏறுவதற்கு உதவும். சரிவுகளுக்கு நடுவே இருந்த சமதளப் பாதையில் முதலில் குதிரைகளும், பின்னாளில் இன்ஜின்களும் வண்டிகளை இழுத்தன.

ஆரம்பத்தில் பயன்படுத்தியது சணல் வடம். மழையும் வெயிலும் பட்டுத் தேய்ந்து, சமயத்தில் அறுந்தும் போகும். இதற்கு மாற்றாக இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்து தந்தவர் ஜான் ரோப்ளிங். ஜெர்மனியிலிருந்து வந்து பென்சில்வேனியாவில் குடியேறிய இன்ஜினீயர். 1842-ல் அவருடைய கம்பி வடம் இங்கே ஒரு சரிவில் முதலில் பொருத்தப்பட்டது. நன்றாக உழைக்கவே, மற்ற சரிவுகளுக்கும் பரவியது. இதே ரோப்ளிங்தான் பிற்பாடு நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தவர். அந்தப் பாலத்தைத் தாங்குகிற கம்பி வடங்களுக்கு இந்த மலைதான் ஒத்திகை மேடை!

அதே 1842-ல் இந்த வழியாகப் பயணம் செய்த பிரபலம், ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். கால்வாய்ப் படகில் இரவு தூங்கக் கொடுத்த அடுக்குப் பலகைகளைப் பார்த்து, புத்தகம் வைக்கும் தட்டுகளோ என்று நினைத்தாராம். ‘அமெரிக்கன் நோட்ஸ்’ என்ற தன் பயண நூலில் இந்தப் பத்துச் சரிவுகளையும் விவரித்திருக்கிறார்.

கிரஸ்ஸன் ஊருக்கு அருகே இன்று இந்தப் பாதையின் உச்சிப் பகுதியை அமெரிக்க தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. ஆறாவது சரிவின் தலையில் இருந்த இன்ஜின் கொட்டகையின் மாதிரியை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். பயணிகள் இளைப்பாறிய ‘லெமன் ஹவுஸ்’ என்ற கல் விடுதி அப்படியே நிற்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் பதித்த கல் கட்டைகள் புல்லுக்கு நடுவே வரிசையாகத் தெரியும். ஜான்ஸ்டவுன் பக்கம் போனால் ஸ்டேபிள் பெண்ட் சுரங்கம். 901 அடி நீளம். அமெரிக்காவில் ரயிலுக்காகக் குடையப்பட்ட முதல் சுரங்கம் இதுதான். 1833-லேயே முடிந்துவிட்டது. மரங்களுக்கு நடுவே நடந்தோ, சைக்கிளிலோ போய் அதற்குள் நுழைந்து வெளியே வரலாம். டார்ச் லைட் அவசியம்.

குதிரை லாடம் வந்தது, கால்வாய் போனது

எல்லாம் சரி, இவ்வளவு பாடுபட்ட பாதை எத்தனை நாள் ஓடியது? வெறும் இருபது வருடம்!

தனியார் நிறுவனமான பென்சில்வேனியா ரயில்வே, அதே மலையில் வேறு வழி கண்டுபிடித்தது. அதன் தலைமை இன்ஜினீயர் எட்கர் தாம்சன், மலையில் நேராக ஏறாமல் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறும்படி பாதை போட்டார். அதுதான் அல்டூனா அருகேயுள்ள ‘ஹார்ஸ் ஷூ கர்வ்’. குதிரை லாடம் மாதிரியே வளைந்திருக்கும். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள், கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிய பாதை. 1854 பிப்ரவரி 15-ல் ரயில் ஓடியது. சரிவு, வடம், படகு, துறை என்று எங்கும் மாறி ஏற வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்தால் பிட்ஸ்பர்க்தான்.

இந்த வளைவு எவ்வளவு முக்கியமானது என்றால், இரண்டாம் உலகப் போரில் இதையும் தகர்ப்பதற்காக ஹிட்லரின் ஆட்கள் ரகசியமாக அமெரிக்காவில் இறக்கப்பட்டார்கள். 1942 ஜூனில் எல்லோரும் பிடிபட்டார்கள். இன்றும் சரக்கு ரயில்கள் அதே வளைவில் திணறி ஏறுவதைப் பார்க்க ரசிகர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நியூயார்க் - பிட்ஸ்பர்க் பயணிகள் ரயிலில் போகிறவர்கள், வளைவின் உள்பக்க ஜன்னல் கிடைத்தால் விடக்கூடாது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் ரயிலின் இன்ஜினையே எதிரே பார்க்கலாம்.

ரயில் வந்ததும் அரசின் கால்வாய் வழிக்கு வேலை இல்லாமல் போனது. 1857-ல் மொத்தத்தையும் அதே ரயில்வே நிறுவனத்துக்கு 75 லட்சம் டாலருக்கு அரசு விற்றுவிட்டது. விற்ற சொத்துகளில் ஒன்றுதான், யாருக்கும் தேவைப்படாத ஓர் அணை.

மதகு இல்லாத அணை

கோடையில் ஜான்ஸ்டவுன் கால்வாயில் தண்ணீர் குறையும். அந்தக் குறையைத் தீர்க்க, ஊருக்கு மேலே 14 மைல் தள்ளி, சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் 72 அடி உயரத்துக்கு மண் அணை கட்டினார்கள். அது முடிந்தது 1853-ல். அடுத்த வருடமே குதிரை லாட வளைவு திறந்தாயிற்று. பந்தி முடிந்தபிறகு அடுப்பு மூட்டிய கதைதான்.

பராமரிப்பு இல்லாமல் கிடந்த அணை 1862-ல் ஒருமுறை உடைந்தது. தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதம் இல்லை. பின்னர் அதை வாங்கிய ஒருவர், அணைக்கு அடியில் தண்ணீரைத் திறந்துவிடுவதற்காகப் பதித்திருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். 1879-ல் அது ‘சவுத் ஃபோர்க் மீன்பிடி மற்றும் வேட்டைக் கழகம்’ கைக்குப் போனது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர்கள் அதன் உறுப்பினர்கள். கோடையில் படகு விடவும் மீன் பிடிக்கவும் அவர்களுக்கு ஓர் ஏரி தேவைப்பட்டது.

உடைப்பை கல், மண், தழை, வைக்கோல் என்று கிடைத்ததைக் கொட்டி அடைத்தார்கள். குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. கரைமேல் குதிரை வண்டி போக வசதியாக அணையின் உயரத்தைக் குறைத்தார்கள். கலிங்கு வழியாக மீன்கள் தப்பிவிடக் கூடாது என்று அதன் குறுக்கே கம்பி வலை கட்டினார்கள்.

கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பாலை, 1880-ல் தன் இன்ஜினீயரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னது. தண்ணீரைத் திறந்துவிட வழியே இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். கழகத்திடமிருந்து வந்த பதில், உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பதுதான்.

1889 மே 31

இரண்டு நாளாகப் பேய்மழை. ஏரி விளிம்பு வரை ஏறியது. கலிங்கின் வலையில் மரமும் செத்தையும் அடைத்துக்கொண்டன. குழாய் இல்லாததால் தண்ணீரை வடிக்க வழி இல்லை. ஜான்ஸ்டவுனுக்குத் தந்தியில் எச்சரிக்கை போனது. ஆனால், ‘அணை உடையப்போகிறது’ என்ற பேச்சை அந்த ஊர் பல வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. ‘புலி வருது’ கதைதான்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் புலி வந்தேவிட்டது.

வெள்ளம் இறங்கிய வழியில் ஒரு கல் பாலம் குறுக்கே நின்றது. 1833-ல் போர்ட்டேஜ் ரயில்பாதைக்காகக் கட்டப்பட்ட அதே பாலம்! அடித்துவந்த மரங்கள் அதன் வளைவை அடைத்துக்கொள்ள, சில நிமிடங்கள் அது வெள்ளத்தையே தடுத்து நிறுத்தியது. பிறகு இடிந்தது. வெள்ளம் புது வேகத்தோடு பாய்ந்தது.

ஜான் ஹெஸ் என்ற ரயில் டிரைவர், ஈஸ்ட் கானமா அருகே வேலையில் இருந்தார். மேலே இரைச்சல் கேட்டதும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. விசில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, இன்ஜினைப் பின்னோக்கியே ஊரை நோக்கி ஓட்டினார். நிற்காமல் அலறிய அந்த விசிலைக் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள்.

மாலை 4.07-க்கு வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. வீடுகளும், மரங்களும், ரயில் பெட்டிகளும், முள்கம்பிச் சுருள்களும் ஊர்க் கோடியில் உள்ள ரயில்வே கல் பாலத்தில் போய்க் குவிந்தன. அந்தக் குவியலில் தீயும் பிடித்தது. மொத்தம் இறந்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கிளாரா பார்ட்டன் தலைமையில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்து ஐந்து மாதம் தங்கி உதவினார்கள்.

வழக்குகள் நடந்தன. கழகத்திடமிருந்து ஒரு டாலர்கூட நஷ்டஈடு பெற்றுத்தர எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை. கார்னகி ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடம்தான் இப்போது வெள்ள அருங்காட்சியகம்.

சரிவுக்குத் திரும்பிய ஊர்

வெள்ளத்துக்குப் பிறகு ஜான்ஸ்டவுன்காரர்கள் செய்த காரியம் கவனிக்க வேண்டியது. மேட்டு நிலத்தில் குடியிருப்பு அமைத்து, அதற்கு ஏறிப்போக 1891-ல் ஒரு சரிவு ரயில் கட்டினார்கள். தலையில் இன்ஜின், கம்பி வடம், ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரண்டு பெட்டிகள்... பழைய போர்ட்டேஜ் பாதையின் அதே சூத்திரம். 1936-ல் ஊரில் மறுபடியும் வெள்ளம் புகுந்தபோது, ஆயிரக்கணக்கானவர்களை மேட்டுக்குக் கொண்டுசேர்த்தது அந்தச் சரிவு ரயில்தான்.

இந்தப் பக்கம் போகிறவர்களில் பலர் குதிரை லாட வளைவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சவுத் ஃபோர்க் அதிக தூரமில்லை. அணையின் இரண்டு முனைகளும் புல் மூடிய மேடாக இன்னும் நிற்கின்றன. நடுவே உடைப்பு அப்படியே இருக்கிறது. ஏரி இருந்த இடத்தில் செடியும் மரமும். 1853-லிருந்து 1889 வரை அந்த அணை எத்தனையோ கை மாறியது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது ஒரு சொத்தாகத் தெரிந்தது. கீழே ஓர் ஊர் இருப்பது மட்டும் தெரியவில்லை.

அந்த உடைப்பைப் பார்த்தபிறகு, ஜான்ஸ்டவுனுக்கு மேலே உள்ள கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்துக்கும் போகவேண்டும். அங்கே அடையாளம் காண முடியாமல் புதைக்கப்பட்ட 777 பேருக்கு வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எந்தக் கல்லிலும் பெயர் இல்லை.