உறுமினால் இறக்குங்கள்

ரிமோட் காரின் ஸ்டியரிங்கைத் திருப்புகிற குட்டிப் பெட்டிக்கு ‘ஸர்வோ’ என்று பெயர். ரொம்ப விசுவாசமான ஆசாமி. சொன்ன இடத்துக்குப் போய்ச் சேராமல் ஓயமாட்டார். தொல்லையே அதுதான்!

1,500 மைக்ரோசெகண்ட் துடிப்பு வந்தால் நடுவில் நிற்பார். 1,000 என்றால் ஒரு கோடி, 2,000 என்றால் மறுகோடி. பல கார்களில் சக்கரம் அதற்கு முன்பே இடித்து நின்றுவிடும். இவருக்கு அது தெரியாது. ‘உர்ர்’ரென்று முக்கிக்கொண்டே இருப்பார். கரண்ட் எகிறும், மோட்டார் சுடும், பல்சக்கரம் தேயும். வோல்டேஜ் இறங்கி ரிஸீவரும் மயக்கம் போட்டால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. விமானம் என்றால்? கீழே யார் தலையோ!

வைத்தியம் சுலபம். காரைத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் வையுங்கள். டிரான்ஸ்மிட்டரில் ‘எண்ட் பாயிண்ட்’ மெனுவை 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உறுமல் கேட்டதா? சத்தம் நிற்கும்வரை ஓரிரு சதவீதம் இறக்குங்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக.

ஆபீஸிலும் இப்படி முக்குகிற விசுவாசிகள் உண்டு. ஒரே வித்தியாசம், அவர்களுடைய எண்ட் பாயிண்ட்டை மானேஜர் இறக்கமாட்டார். உறுமல் கேட்டவுடன் அவர்களேதான் இறக்கிக்கொள்ள வேண்டும்.