விழுந்தவர் எழும் கலை

பொருநை வளம் கொழிக்கும் நெல்லை நாட்டில், பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் பத்தமடை. கன்னடியன் கால்வாய் அவ்வூர் வயல்களுக்கு நீரூட்டுகின்றது. மாலை வேளையில் ஊர்ப்புறச் சாலையில் சிறுவர் மிதிவண்டி பழகுவதைக் காணலாம். இருக்கையை எட்டாத சிறுவன் ஒருவன், வண்டிச் சட்டத்தினூடே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுச் செல்கின்றான். சிறிது தூரம் செல்கின்றான், தடுமாறுகின்றான், விழுகின்றான். உடனே ஒருவர் நகைக்கின்றார். மற்றொருவர், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கடிந்து வண்டியைப் பறிக்கின்றார். வேறொருவர் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்துகின்றார். இம்மூவருள் அச்சிறுவனுக்கு நன்மை செய்தவர் யார்?

ஒருவரும் இல்லை என்பதே என் கருத்து. நகைத்தவர் அவனுக்கு நாணத்தைக் கற்பித்தார். கடிந்தவர் அச்சத்தைக் கற்பித்தார். தூக்கியவரோ, அன்பின் மிகுதியால், அவன் தானே எழக் கற்கும் வாய்ப்பைப் போக்கிவிட்டார். "அடி பட்டதா என்று பார், கைப்பிடியை நேராக்கு, பிறகு ஏறு" என்று அருகில் நின்று சொல்லும் நான்காமவர் ஒருவரே அவனுக்குத் தேவை. விழாமல் இருக்கும் வழியை நாம் பிள்ளைகளுக்கு ஓயாது உரைக்கின்றோம். விழுந்தபின் எழும் வழியை உரைப்பதில்லை. இது நம் கல்வியில் உள்ள பெருங்குறை.

எழுதலும் ஒரு கலையோ என்று சிலர் வினவலாம். ஆம், கலையே. அதனைப் பாடமாகவே வைத்துக் கற்பிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். ஆனால் காசுமீரத்துக் குல்மார்க்கிலும், இமயச் சாரலில் உள்ள அவுலியிலும், நார்வே போன்ற வட நாடுகளிலும் மலைச்சரிவு முழுதும் பனி படர்ந்து கிடக்கும். அங்கே மக்கள் கால்களில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு சறுக்கிச் செல்வர். பழகுவோர் பலமுறை விழுவர். ஆதலால் விழுந்தபின் எழுவது அங்கே தொடக்கப் பாடங்களுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகின்றது.

அப்பாடம் யாது? விழுந்தவன் பதறி எழுதல் கூடாது. முதலில் உடம்பில் அடி பட்டுள்ளதா என்று அறிதல் வேண்டும். பின்னர் இரு கட்டைகளையும் இணையாகச் சேர்த்து, சரிவுக்குக் குறுக்கே, தன் உடலுக்குக் கீழ்ப்புறமாக வைத்தல் வேண்டும். அதன்பின் முழங்காலை மடக்கி, கையையோ கோலையோ ஊன்றி எழுதல் வேண்டும். கட்டைகளின் முனை பள்ளத்தை நோக்கி இருக்கும்போது எழுந்தால், நிமிரும் முன்னரே அவை வழுக்கிச் செல்லும். எழுந்தவன் மீண்டும் விழுவான். எழ வேண்டும் என்னும் துணிவு மட்டும் போதாது. எங்கே, எவ்வாறு கிடக்கின்றோம் என்று அறியும் தெளிவும் வேண்டும் அன்றோ?

2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்குப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றுள் 30 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில், நார்வே நாட்டுச் சீமன் எக்சுதாத் குரூகர், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கீழே விழுந்தார். உடன் வந்த இருவர் அவர் மேல் விழுந்தனர். அவருடைய ஊன்றுகோலும் முறிந்தது. அவர் எழுந்தபோது ஏனையோர் யாவரும் முன்னே சென்றுவிட்டனர். அவரே கடையர் ஆனார். எனினும் இழந்த தொலைவை ஒரே பாய்ச்சலில் மீட்க முயன்று அவர் களைத்துப் போகவில்லை. சிறிது சிறிதாக நெருங்கினார், கூட்டத்தை எட்டினார், இறுதியில் அனைவரையும் முந்திப் பொற்பதக்கம் பெற்றார். விழுந்தவர் எல்லாரும் வெல்வர் என்று இதனால் கூறிவிட முடியாது. ஆயினும் விழுந்த இடமே முடிவிடம் அன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தனியொருவர் எழுவதற்குத் துணிவும் முறையும் போதும். பலர் எழ வேண்டுமாயின், சுற்றியிருப்போர் மனமும் மாறுதல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களிடையே பரப்பினர். வயலிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டி பழகினர். எள்ளி நகையாடியோர் இருந்தனர். ஆயினும் ஒருத்தி விழுந்தால் நகைப்புக்கிடம். ஊர்ப் பெண்கள் பலரும் ஒருங்கே விழுந்து எழுந்து பழகினால் அது கல்வி. பலரோடு சேர்ந்து விழும்போது நாணம் அகன்றுவிடுகின்றது.

"விழாதிருப்பதே சிறப்பன்றோ?" என்று முதியோர் சிலர் கேட்பர். எச்சரிக்கை நன்றே, அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருபோதும் விழாதவன் பெரும்பாலும் ஒருபோதும் வண்டியில் ஏறாதவனே ஆவான்.

பத்தமடையின் பாய் நெய்வோரைப் பாருங்கள். கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, நூற்பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து, துணிபோல் மடிக்கத்தக்க நுண்ணிய பாயை அவர்கள் ஆக்குகின்றனர். நெய்கையில் ஓரிழை பிசகிவிட்டால் பாயைக் கிழித்தெறிவதில்லை. பிசகிய இடம் வரையில் பிரித்து, அங்கிருந்து மீண்டும் நெய்கின்றனர். பிரிக்கத் தெரிதலும் நெய்தற்றொழிலின் ஒரு பகுதியே.

இதனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகள் சிலர் வெளியில் முகங்காட்டவும் நாணி, வாழ்வே முடிந்தது எனக் கலங்குகின்றனர். தவறியோர் மீண்டும் எழுதத் துணைத்தேர்வு உண்டு, வழி அடைபடவில்லை. அடைபட்டிருப்பது அவர்தம் உள்ளமே. அந்நாளில் பெற்றோரும் ஆசிரியரும் நகைப்பவராகவோ கடிபவராகவோ இராமல், அருகில் நிற்கும் நான்காமவராக இருத்தல் வேண்டும். "எவ்விடத்தில் பிசகியது என்று பார்ப்போம், அங்கிருந்து தொடங்குவோம்" என்னும் ஒரு சொல் போதும்.

மாணவர்களே! நீங்கள் விழும் நாள் வரும். அன்று பதறாதீர்கள்; நாணாதீர்கள்; அடியைப் பாருங்கள்; நிலையைச் செம்மை செய்யுங்கள்; பின்னர் எழுங்கள். உங்கள் தோழன் விழும் நாளும் வரும். அன்று நகையாமல் அவன் அருகில் நில்லுங்கள். எழத் தெரிந்தவரும் எழத் துணைநிற்பவரும் நிறைந்த நாடே வீழாத நாடு.